கம்பியில்லா மானி வாசிப்பும் ரிசீவர் சோதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பின் தொடர்மாடிக் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு துணை நீர்மானி பொருத்தும் தொழில்நுட்பவியலாளர்கள், அந்தக் குடியிருப்புகளின் முகாமைத்துவக் குழுவினர், இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு இத்துறையைத் தெரிவுசெய்யும் பொறியியல் மாணவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும், மானியின் வாசிப்பை ரேடியோ வழியாக வாங்கும் ரிசீவரைச் சோதிப்பது பற்றி என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளுக்கு ஈஎன் 13757-4 என்ற ஐரோப்பியத் தரநிலையில் விவரிக்கப்படும் வயர்லெஸ் எம்-பஸ் முறையை, அதிலும் 868.95 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் டி வகையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு முறைகளைப் பயன்படுத்துவோருக்கு எண்கள் மாறும். சோதிக்கும் வழி மாறாது.

1. அனுப்புவது மானி. அப்படியிருக்க ரிசீவரை ஏன் இவ்வளவு சோதிக்க வேண்டும்?

நீர்மானிக்குள் இருப்பது மாற்ற முடியாத ஒரு பற்றரி. அது பத்தாண்டுக்கு மேல் தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஆகவே மானி அதிக வலுவில் அனுப்ப முடியாது, நீண்ட நேரம் அனுப்பவும் முடியாது. பற்றரி இடம் கொடுத்தாலும் விதி இடம் கொடுக்காது: ஐரோப்பிய ஒழுங்கில் 868.7 முதல் 869.2 மெகாஹேர்ட்ஸ் வரையான பட்டையில் கதிர்வீச்சு வலு 25 மில்லிவாற்றுக்கும், அனுப்பும் நேரம் மொத்த நேரத்தில் 0.1 சதவீதத்துக்கும் மேற்படக் கூடாது.

அனுப்பும் பக்கத்தில் கூட்ட வழியில்லாதபோது, கிடைக்கக்கூடிய ஆதாயம் எல்லாம் வாங்கும் பக்கத்திலேயே இருக்கிறது. மாடிப்படி அருகிலோ கூரையிலோ மின்னிணைப்புடன் வைக்கப்படும் சேகரிப்பானுக்கு நல்ல அன்ரனாவும் நல்ல வடிகட்டியும் நல்ல ரிசீவரும் வைக்கலாம். ஒரு சேகரிப்பான் நூற்றுக்கணக்கான மானிகளைக் கேட்பதால், அதில் இழக்கப்படும் ஒவ்வொரு டெசிபெலும் அத்தனை மானிகளுக்கும் சேர்த்து இழக்கப்படுகிறது.

2. விவரத்தாளில் உணர்திறன் (ரிசீவர் வாசிக்கக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டம்) −105 டிபிஎம் என்று எழுதியிருக்கிறார்கள். அது உண்மையில் எவ்வளவு?

0 டிபிஎம் என்பது 1 மில்லிவாற்று. ஒவ்வொரு 10 டெசிபெல் இறக்கத்துக்கும் வலு பத்தில் ஒன்றாகும். அதன்படி −105 டிபிஎம் என்பது ஏறத்தாழ 0.03 பைக்கோவாற்று, 50 ஓம் முனையில் 1.3 மைக்ரோவோற்றுக்குச் சற்றுக் குறைவான மின்னழுத்தம். மானி அனுப்பும் 14 டிபிஎம்மையும் இதையும் ஒப்பிட்டால், நடுவில் 119 டெசிபெல் வரை இழக்கலாம் என்று பொருள். கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றும். கொங்கிறீட் தளங்களும் இரும்புக் கதவுள்ள மானிப் பெட்டியும் அதை விரைவாகத் தின்றுவிடும்.

3. ஒரு விவரத்தாளில் −105, இன்னொன்றில் −110. இரண்டாவதை வாங்கினால் சரிதானே?

உணர்திறன் என்பது தனியாக நிற்கும் எண் அன்று. “இந்த நிபந்தனைகளில், இந்தப் பிழை வீதத்தில்” என்ற வால் இல்லாமல் அதற்குப் பொருளே இல்லை. எந்தத் தரவு வேகத்தில் அளந்தார்கள், பட்டையகலம் எவ்வளவு, அலைவெண் பிசகு இருந்ததா, எண்ணியது பிட் பிழையா அல்லது பொதி (ஒருமுறை அனுப்பப்படும் தரவுத் தொகுப்பு) இழப்பா, பொதியின் நீளம் என்ன என்று ஐந்தையும் கேட்க வேண்டும். சிப் தயாரிப்பாளர்கள் தமக்குச் சாதகமான மெதுவான வேகத்திலுள்ள எண்ணையே முதற்பக்கத்தில் அச்சிடுவார்கள். லோரா என்ற வேறொரு கம்பியில்லா முறைக்கான சிப் ஒன்றின் தாளில் −137 என்று பார்த்துவிட்டு இதனோடு ஒப்பிடுவோரும் உண்டு. அந்த எண் செக்கனுக்குச் சில நூறு பிட் மட்டுமே செல்லும் வேகத்துக்குரியது.

பிழை வீதத்தில்தான் பெரிய பொறி இருக்கிறது. 20 பைட் பொதியில் 160 பிட் உண்டு. ஒவ்வொரு பிட்டும் தவறும் வாய்ப்பு 0.1 சதவீதமானால் பொதி கெடும் வாய்ப்பு ஏறத்தாழ 15 சதவீதம். பிட் பிழை 1 சதவீதமானால், அதே பொதி கெடும் வாய்ப்பு 80 சதவீதம். அதாவது “பிட் பிழை 1 சதவீதத்தில் அளந்தோம்” என்று சொல்லப்படும் உணர்திறன், ஐந்தில் நான்கு பொதிகள் தொலைந்துகொண்டிருக்கும் நிலையைக் குறிக்கிறது. பொதி நீண்டால் நிலைமை இன்னும் மாறும்: 100 பைட் பொதிக்கு 0.1 சதவீதப் பிட் பிழையே பாதிக்கு மேற்பட்ட பொதிகளைக் கெடுத்துவிடும். உங்கள் மானி உண்மையில் எத்தனை பைட் அனுப்புகிறதோ அந்த நீளத்தில், 20 சதவீதப் பொதி இழப்பு வரும் மட்டத்தைக் கேட்டு வாங்குவதே என் பரிந்துரை.

4. நல்ல வடிவமைப்பாளராக இருந்தால் −120 வரை கொண்டுபோக முடியாதா?

இந்த வேகத்தில் முடியாது. தடுப்பது வடிவமைப்பாளரின் திறமைக் குறைவன்று, வெப்பம். அறை வெப்பநிலையில் எந்தத் தடையிலும் ஒரு ஹேர்ட்ஸுக்கு −174 டிபிஎம் அளவு வெப்ப இரைச்சல் இருக்கிறது. 200 கிலோஹேர்ட்ஸ் பட்டையகலத்துக்கு அதனோடு 53 டெசிபெல் கூட்டினால் −121. ரிசீவரின் சொந்த இரைச்சல் எண் 7 என்று வைத்தால் −114. அலைவெண்ணை மாற்றித் தரவைச் சுமக்கும் எஃப்எஸ்கே பண்பேற்றத்தை ஒழுங்காக வாசிக்க இரைச்சலுக்கு மேல் ஏறத்தாழ 10 டெசிபெல் தேவை என்பதால், வந்து நிற்கும் இடம் −104. யாராவது இதைவிட மிகத் தாழ்ந்த எண்ணைக் காட்டினால், வேகத்தையோ பட்டையகலத்தையோ பிழை வரம்பையோ மாற்றியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். கொழும்பின் வெக்கை இதைக் கெடுக்காதா என்றும் கேட்பார்கள்: 17 பாகையிலிருந்து 30 பாகைக்கு உயர்ந்தால் வெப்ப இரைச்சலில் வரும் வேறுபாடு 0.2 டெசிபெல்தான். வெக்கை செய்யும் உண்மையான தீமை வேறிடத்தில் இருக்கிறது. அதை 8ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

5. சோதனைக்கு என்னென்ன கருவிகள் வேண்டும்? ஜெனரேட்டர் வாங்க வசதியில்லையே?

முறையான சோதனைக்கு, பொதியை நினைவகத்தில் ஏற்றிப் பண்பேற்றி அனுப்பக்கூடிய சிக்னல் ஜெனரேட்டர், நல்ல கேபிள்கள், சமிக்ஞையைக் குறைக்கும் நிலையான அட்டெனுவேட்டர்கள், ரிசீவரை வைத்து மூடக்கூடிய உலோகக் கவசப் பெட்டி, வந்த பொதிகளை எண்ணும் கணினி ஆகியவை வேண்டும். குறுக்கீட்டுச் சோதனைக்கு இரண்டாவது ஜெனரேட்டரும் இரண்டையும் சேர்க்கும் இணைப்பானும் தேவைப்படும்.

வசதி குறைந்தால், நடத்தை நன்கு அறியப்பட்ட ஒரு மானியையே அனுப்பியாக வைத்து, இடையில் படிப்படியாக மாற்றக்கூடிய அட்டெனுவேட்டரைப் போட்டுச் சோதிக்கலாம். ஆனால் இரண்டாம் பதிலில் பார்த்த 119 டெசிபெலை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்: மானியும் ரிசீவரும் ஒரே மேசையில் இருந்தால், கேபிள் வழியாகச் செல்வதைவிடக் காற்று வழியாகக் கசிவது அதிகமாயிருக்கும். அட்டெனுவேட்டரைக் கூட்டியும் பொதி வந்துகொண்டே இருந்தால் ரிசீவரைப் பாராட்ட வேண்டாம். கேபிளைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் பொதி வந்தால் நீங்கள் அளந்தது கசிவைத்தான். இரண்டையும் தனித்தனிக் கவசப் பெட்டியில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மாணவர்கள் வாங்கும், கணினியில் செருகும் மலிவான ரேடியோ ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிளும், டபிள்யூஎம்பஸ்மீட்டர்ஸ் என்ற திறந்த மென்பொருளும், சுற்றாடலில் எந்த மானிகள் பேசுகின்றன என்று கேட்பதற்கு மிகப் பயனுள்ளவை. ஆனால் டொங்கிள் காட்டும் மட்டத்தை டிபிஎம் என்று எழுதிவிடாதீர்கள். அது அளவுதிருத்தம் செய்யப்படாத, 8 பிட் மாற்றி கொண்ட கருவி.

6. உணர்திறனை அளக்கும்போது படிப்படியாக என்ன செய்ய வேண்டும்?

முதலில் கேபிள் முனையில் உண்மையில் வரும் மட்டத்தை அளந்து, கேபிள் இழப்பைக் கணக்கில் எடுங்கள். சாதாரண ஆர்ஜி-58 கேபிள் இந்த அலைவெண்ணில் மீற்றருக்கு ஏறத்தாழ அரை டெசிபெல் தின்னும். பிறகு −90 போன்ற வசதியான மட்டத்தில் தொடங்கி, எல்லாப் பொதிகளும் வருகின்றன என்று உறுதிசெய்தபின், ஒவ்வொரு டெசிபெலாக இறங்குங்கள். இழப்பு பூச்சியத்திலிருந்து கிட்டத்தட்ட நூறு சதவீதத்துக்குப் போவது மூன்று, நான்கு டெசிபெலுக்குள் நடந்து முடிந்துவிடும். அந்தச் சரிவு உங்களுக்குப் படிப்படியாக, பத்து டெசிபெல் அகலத்தில் நிகழ்ந்தால், இரைச்சல் அல்லாத வேறொன்று குறுக்கிடுகிறது என்று கருத வேண்டும்.

ஒவ்வொரு மட்டத்திலும் எத்தனை பொதி அனுப்ப வேண்டும் என்பதில் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள். உண்மையான இழப்பு 20 சதவீதமாக இருக்கும்போது 100 பொதி மட்டும் அனுப்பினால், கிடைக்கும் எண் 12க்கும் 28க்கும் இடையில் எங்கும் விழலாம். 1,000 பொதி அனுப்பினால் அந்த அலைவு இரண்டரை சதவீதத்துக்குள் அடங்கும். பொதிகளுக்கிடையில் ஒழுங்கற்ற இடைவெளி விடுவதும் அவசியம், ஏனெனில் உண்மையான ரிசீவர் ஒவ்வொரு பொதியின் தொடக்கத்தை உணர்த்தும் முன்னோட்டத்தையும் புதிதாகக் கண்டுபிடித்தாக வேண்டும்; இடைவிடாத ஓட்டத்தில் ஒருமுறை பூட்டிக்கொண்டு தொடர்ந்து வாசிப்பது அதைவிட எளிது.

எண்ணும்போது இரண்டு வகை இழப்பைப் பிரித்தெழுதுங்கள்: பொதி தொடங்கியதே தெரியாமல் போனது ஒன்று, தொடங்கியது தெரிந்து, பிழையைக் கண்டறியும் சிஆர்சி சரிபார்ப்பில் விழுந்தது மற்றொன்று. முதலாவது அதிகமானால் ஒத்திசைவைத் தேடும் பகுதியிலும், இரண்டாவது அதிகமானால் பட்டையகலம், கடிகார மீட்பு போன்றவற்றிலும் கோளாறைத் தேடலாம். இந்த ஒரு பழக்கம் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

7. திரையில் ஆர்எஸ்எஸ்ஐ காட்டுகிறதே, அதைப் பார்த்தால் போதாதா?

போதாது. ஆர்எஸ்எஸ்ஐ என்பது பட்டைக்குள் வந்து சேர்ந்த மொத்த வலு. அதில் மானியும் உண்டு, இரைச்சலும் உண்டு, பக்கத்து வீட்டுச் சாதனமும் உண்டு. −85 என்று காட்டிக்கொண்டே ஒரு பொதியும் வாசிக்காத ரிசீவரைப் பார்க்கலாம். தெரிந்த மட்டங்களைக் கொடுத்து ஒரு திருத்த அட்டவணை தயாரித்த பிறகு, இரண்டு இடங்களை ஒப்பிட அது உதவும். பொதி எண்ணிக்கைக்கு மாற்றாக அதை ஒருபோதும் கொள்ள முடியாது.

8. ஜெனரேட்டரோடு அழகாக வேலை செய்கிறது. உண்மையான மானிகளில் பாதியைக் கேட்கவில்லை. ஏன்?

என்னிடம் வரும் கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். விடை பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்: ஜெனரேட்டர் துல்லியமானது, மானி அப்படியில்லை. டி வகையில் மானிக்குத் தரநிலை வழங்கியிருக்கும் சலுகை மிகத் தாராளமானது. மைய அலைவெண் பத்து இலட்சத்தில் 60 பங்கு, அதாவது 52 கிலோஹேர்ட்ஸ் வரை இருபுறமும் விலகலாம். குறியீட்டு வீதம் செக்கனுக்கு 1,00,000 என்று சொல்லப்பட்டாலும் 90,000 முதல் 1,10,000 வரை எதுவும் ஏற்புடையது. எஃப்எஸ்கே விலகல், அதாவது தரவைக் குறிக்க மையத்திலிருந்து அலைவெண் நகரும் அளவு, 50 கிலோஹேர்ட்ஸ் என்பது பெயரளவு. 40 முதல் 80 வரை அனுமதி உண்டு. மலிவான மானியை மலிவாகச் செய்ய இடம்கொடுத்து, அதன் சுமையை ரிசீவர் மீது ஏற்றிவைத்திருக்கிறார்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். 50 கிலோஹேர்ட்ஸ் விலகலும் இந்த வீதமும் சேர்ந்தால் சமிக்ஞைக்கு மட்டும் ஏறத்தாழ 200 கிலோஹேர்ட்ஸ் அகலம் வேண்டும். மானியின் பிசகு 52. ரிசீவரின் அலைவெண்ணை நிர்ணயிக்கும் சொந்தக் கிறிஸ்டல் பத்து இலட்சத்தில் 20 பங்கு தவறினால் இன்னும் 17. இருபுறமும் இடம்விட்டால் வடிகட்டி 340 கிலோஹேர்ட்ஸை நெருங்க வேண்டும். அந்த அகலத்தால் உணர்திறன் இரண்டு டெசிபெலுக்கு மேல் குறையும். மாற்று வழி, தானாக அலைவெண்ணைத் திருத்தும் சுற்றுக்கு வேலை கொடுத்து வடிகட்டியைக் குறுக்கிவைப்பது. ஆனால் குறைந்தபட்ச முன்னோட்டம் 38 குறியீடு, அதாவது அரை மில்லிசெக்கனுக்கும் குறைவு. அதற்குள் திருத்தம் முடிந்தாக வேண்டும். விவரத்தாளில் −110 காட்டியவர் குறுகிய வடிகட்டியோடு, பிசகே இல்லாத சமிக்ஞையை அளந்திருக்கக்கூடும்.

ஆகவே உணர்திறன் சோதனையை ஒரே புள்ளியில் நிறுத்தாமல், அலைவெண் பிசகு, குறியீட்டு வீதம், விலகல் ஆகிய மூன்றையும் மேல், நடு, கீழ் என மாற்றி ஒரு முழு அட்டவணையாகச் செய்ய வேண்டும். அந்த அட்டவணையின் மிக மோசமான கட்டமே உங்கள் ரிசீவரின் உண்மையான உணர்திறன். வெக்கை குறுக்கிடுவதும் இங்கேதான்: நண்பகல் வெயிலில் கூரைமேல் இருக்கும் மூடிய பெட்டிக்குள் கிறிஸ்டலின் அலைவெண் நகர்கிறது. அறையில் தேறிய ரிசீவரை 60, 70 பாகையில் வைத்து இதே அட்டவணையை மீண்டும் நிரப்பிப் பாருங்கள். தேர்வு உங்கள் கையில் இருந்தால் சி வகை மானிகளைக் கருதலாம்; அதில் அலைவெண்ணுக்கு 25 பங்கும், குறியீட்டு வீதத்துக்கு 100 பங்கும்தான் சலுகை.

9. ஆய்வுகூடத்தில் எல்லாம் தேறிவிட்டது. கூரையில் வைத்தவுடன் செவிடாகிவிடுகிறது. என்ன சோதனையைத் தவறவிட்டோம்?

தடுப்புச் சோதனையை. கொழும்பில் உயரமான கட்டடத்தின் கூரை என்றால் அங்கே அல்லது அதற்கு எதிரே கைத்தொலைபேசி அன்ரனாக்கள் இருக்கும் என்று எதிர்பார்த்தே வேலை செய்ய வேண்டும். அவை வேறு அலைவெண்ணில் பேசினாலும், அவற்றின் வலு ரிசீவரின் முதற் பெருக்கியை நிரப்பிவிட்டால் மெல்லிய மானிச் சமிக்ஞை அமுங்கிப்போகும். கைத்தொலைபேசிகளுக்கான எட்டாம் பட்டையில் நிலையம் அனுப்புவது 925 முதல் 960 மெகாஹேர்ட்ஸ் வரை; ஐந்தாம் பட்டை பயன்பாட்டிலுள்ள இடங்களில் 869 முதல் 894 வரை, அதாவது நமது 868.95க்கு ஒட்டிய வேலியில். உங்கள் கூரையில் எது உயிரோடிருக்கிறது என்பதை அலைமாலை ஆய்வியால் பார்த்தபின்பே வடிகட்டியைத் தெரிவுசெய்யுங்கள்.

சோதனை முறை இது: மானிச் சமிக்ஞையை உணர்திறனைவிட 3 டெசிபெல் மேலே வைத்து, 2 மெகாஹேர்ட்ஸ், 10 மெகாஹேர்ட்ஸ் தள்ளி இரண்டாவது சமிக்ஞையைப் படிப்படியாக உயர்த்துங்கள். பொதி இழப்பு மீண்டும் வரம்பைத் தொடும் இடத்தில் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே தடுப்புத் திறன். இங்கே ஒரு நுட்பமான பொறி உண்டு. குறுக்கிடும் ஜெனரேட்டர் −20 டிபிஎம் தருகிறது, 2 மெகாஹேர்ட்ஸ் தள்ளி அதன் கட்ட இரைச்சல் (சமிக்ஞையின் இருபுறமும் பரவும் ஜெனரேட்டரின் சொந்த இரைச்சல்) ஹேர்ட்ஸுக்கு 140 டெசிபெல் கீழே என்று வைத்துக்கொள்வோம். அந்த இரைச்சல் −160இல் வந்து விழும். நான்காம் பதிலின்படி (−174உடன் 7 கூட்டினால்) ரிசீவரின் சொந்த இரைச்சலோ ஹேர்ட்ஸுக்கு −167. அப்படியானால் நீங்கள் சோதித்துக்கொண்டிருப்பது ரிசீவரை அன்று, ஜெனரேட்டரை. குறுக்கிடும் பக்கத்தில் ஒரு பட்டை வடிகட்டியைப் போட்டு, முடிவு மாறுகிறதா என்று பார்த்தபின் எழுதுங்கள்.

தீர்வாகப் பலரும் அன்ரனாவுக்கும் பெருக்கிக்கும் இடையில், வேண்டிய குறுகிய பட்டையை மட்டும் விடும் சோ (SAW) வடிகட்டி ஒன்றை வைப்பார்கள். அது ஏறத்தாழ 2 டெசிபெல் உணர்திறனை எடுத்துக்கொள்ளும். விவரத்தாளில் அழகு குறையும் என்று அதைத் தவிர்க்கும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். நகரக் கூரைக்கு நான் அந்த 2 டெசிபெலை மனமுவந்து கொடுத்துவிடுவேன்.

10. பக்கத்திலேயே இருக்கும் மானி மட்டும் வாசிக்கப்படவில்லை. இது எப்படி நடக்கும்?

அதிக வலுவும் ஒரு கோளாறுதான். ஒரு மீற்றர் தூரத்தில் வெற்றிடவெளி இழப்பு 31 டெசிபெல் மட்டுமே. 14 டிபிஎம்மில் அனுப்பும் மானி −17 டிபிஎம்மில் வந்து சேரும். சில ரிசீவர்கள் அந்த மட்டத்தில் நிரம்பிவிடும். ஆறாம் பதிலில் கீழ்நோக்கிச் செய்த சோதனையை மேல்நோக்கியும் −10 வரை செய்யுங்கள். தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு படி மாறும் நடுமட்டங்களில் சில டெசிபெல் அகலமான ஓட்டைகளும் அகப்படலாம்.

11. கேபிள் வழியாக அளந்தால் −104. அன்ரனாவைப் பொருத்தினால் −95 போலத்தான் நடந்துகொள்கிறது. அன்ரனா பழுதா?

பழுதாக இருக்கலாம், ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சேகரிப்பானின் சொந்தச் சத்தத்தை. உள்ளேயுள்ள மின்வழங்கி, செயலி, நினைவக வழிகள் ஆகியவை உமிழும் இரைச்சலை, சில சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும் அன்ரனா வாங்கி ரிசீவருக்கே திருப்பிக் கொடுக்கிறது. கேபிள் வழிச் சோதனையில் அன்ரனா இல்லாததால் இது தெரியவே வராது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. கவசப் பெட்டிக்குள் வைத்து, அன்ரனா முனையில் 50 ஓம் முடிப்பான் இருக்கும்போது ரிசீவர் காட்டும் இரைச்சல் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அன்ரனாவைப் பொருத்தி மீண்டும் பாருங்கள். கவசத்துக்குள் வெளிச் சமிக்ஞை இல்லையாதலால், ஏற்றம் முழுவதும் உங்கள் பெட்டி தானே உண்டாக்கியது. செயலியின் வேலைகளையும் இணைப்புத் துறைகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். அன்ரனா உட்பொதிந்து வெளி முனையே இல்லாத சாதனங்களுக்கு, கதிர்வீச்சு வழியாக எதிரொலியற்ற அறையில் அளப்பதுதான் முறை.

12. இருநூறு வீட்டுத் தொடர்மாடியில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் பொதி தொலைகிறது. ரிசீவரை மாற்றினால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. இந்த மானிகள் ஒன்றையொன்று கேட்டுவிட்டு முறைவைத்து அனுப்புவதில்லை. தத்தம் நேரத்துக்கு அனுப்புகின்றன. டி வகையில் ஒவ்வொரு நான்கு பிட்டும் ஆறு குறியீடுகளாக மாறுவதால், 40 பைட் பொதி முன்னோட்டத்துடன் ஏறத்தாழ 5.3 மில்லிசெக்கன் எடுக்கும். 200 மானிகள் 16 செக்கனுக்கு ஒருமுறை அனுப்பினால், ஒரு பொதி வேறெதனோடும் மோதாமல் தப்பும் வாய்ப்பு ஏறக்குறைய 88 சதவீதம். நீங்கள் காணும் இழப்பு அதுவே. சமிக்ஞை எவ்வளவு வலுவானாலும் அந்த எண் நகராது.

நீர்க்கட்டணப் பட்டியலுக்கு நாளொன்றுக்கு ஒரு வாசிப்புப் போதும் என்பதால் இது தீங்கில்லை. ஆயினும் ரிசீவருக்கு இங்கும் ஒரு பங்குண்டு: மெல்லிய பொதியொன்றை வாசித்துக்கொண்டிருக்கும்போது வலுவான பொதி குறுக்கே வந்தால், நல்ல ரிசீவர் பழையதை விட்டுப் புதியதைப் பிடிக்கும்; மற்றது இரண்டையும் இழக்கும். இரண்டு அனுப்பிகளை வெவ்வேறு மட்டத்தில், ஒழுங்கற்ற நேரத்தில் இயக்கி இதைச் சோதிக்கலாம்.

13. மழையும் கடற்காற்றும் ரிசீவர் சோதனைக்குள் வருமா?

ரிசீவரின் மின்னணுச் சோதனைக்குள் நேரடியாக வராது. அதைச் சுற்றியுள்ளவற்றுக்குள் வரும். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கமாக வைக்கப்படும் சேகரிப்பானின் அன்ரனா இணைப்பியை உப்புக்காற்று அரிக்கும். அரித்த இணைப்பி சில டெசிபெல்லைச் சத்தமின்றி எடுத்துக்கொள்ளும். மழைகாலத்தில் நீர் நிறைந்த குழிக்குள் மூழ்கிய மானி, எந்த ரிசீவருக்கும் எட்டாமல் போகலாம். அவற்றுக்கு ஒதுக்க வேண்டியது கூடுதல் இடைவெளி, அதாவது வாசிப்புக்குத் தேவையான மட்டத்துக்கு மேல் மிச்சமிருக்கும் டெசிபெல். அதை அளக்கும் வழி 15இல் இருக்கிறது.

14. ஐரோப்பியச் சான்றிதழ் இருக்கிறதே, இலங்கையில் அப்படியே பயன்படுத்தலாமா?

கூடாது. இங்கே ரேடியோ அலைவெண்களை நிர்வகிப்பது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. நீங்கள் கருதும் அலைவெண்ணும் வலுவும் இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டவையா என்பதைப் பொருள் இறக்குமதி செய்வதற்கு முன்பே அங்கு எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சோதனைக்காக என்றாலும் அனுமதியின்றிக் காற்றில் அனுப்ப வேண்டாம். கேபிளும் கவசப் பெட்டியும் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

15. பொருத்திய இடத்தில் எவ்வளவு இடைவெளி மிச்சமிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சேகரிப்பானுக்கும் அன்ரனாவுக்கும் நடுவில் 10 டெசிபெல் அட்டெனுவேட்டரைச் செருகி ஒரு நாள் விட்டுவிடுங்கள். எந்த மானிகள் பட்டியலிலிருந்து மறைகின்றனவோ அவற்றுக்கு 10 டெசிபெல்லும் மிச்சமில்லை. கதவுகள் மூடித் திறப்பதும், வாகனங்கள் நிற்பதும், மழையும் சமிக்ஞையை அசைக்கும் என்பதால், 10க்குக் குறைந்த இடைவெளியில் ஓடும் மானிக்கு அன்ரனாவை நகர்த்துவதோ இன்னொரு சேகரிப்பான் வைப்பதோ நல்லது.

இந்த முறை ஏமாற்றும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் கேட்கும் எல்லையைத் தீர்மானிப்பது ரிசீவரின் இரைச்சலாக இல்லாமல் அன்ரனா வழியாக வரும் இரைச்சலாக இருந்தால், அட்டெனுவேட்டர் மானியையும் இரைச்சலையும் சமமாகக் குறைத்துவிடும். ஒரு மானியும் மறையாது, நிறைய இடைவெளி இருப்பதுபோலத் தோன்றும். ஆகவே செருகுவதற்கு முன், 11இல் சொன்னபடி 50 ஓம் முடிப்பானோடும் அன்ரனாவோடும் இரைச்சல் மட்டத்தை ஒப்பிடுங்கள். அன்ரனாவோடு அது சில டெசிபெல் உயர்ந்திருந்தால் அட்டெனுவேட்டர் சோதனையின் முடிவை அப்படியே நம்ப முடியாது.

16. விற்பனையாளர் −104 என்கிறார், நாங்கள் அளந்தால் −101. யார் பொய் சொல்கிறார்கள்?

இருவருமே உண்மை சொல்லிக்கொண்டிருக்கலாம். ஜெனரேட்டரின் மட்டத்துல்லியம் ஏறத்தாழ ஒரு டெசிபெல், கேபிளும் இணைப்பிகளும் ஒரு பின்னம், பொருந்தா மின்தடுப்பால் இன்னொரு பின்னம் என்று இரு தரப்பிலும் சேரும்போது, ஒன்றரை டெசிபெல் வேறுபாடு குற்றமாகாது. 3 டெசிபெல் என்றால் விசாரிக்க வேண்டும். விசாரணையை 3இல் சொன்ன ஐந்து கேள்விகளிலிருந்து தொடங்குங்கள்: அவர் 0.1 சதவீதப் பிட் பிழையில் பிசகில்லாத சமிக்ஞையை அளந்திருப்பார், நீங்கள் நீண்ட பொதியோடும் பிசகோடும் அளந்திருப்பீர்கள். நிபந்தனைகளைச் சமமாக்கியும் வேறுபாடு நீடித்தால், ஒரே ரிசீவரை இரு மேசைகளுக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுசென்று அளப்பதே முடிவான வழி. சாதனத்தோடு நகரும் வேறுபாடு சாதனத்துடையது, மேசையிலேயே தங்கும் வேறுபாடு மேசையுடையது.

கொள்வனவுக்கு முன்பே இதைத் தவிர்க்க விரும்பினால், விலைமனுக் கோரும் ஆவணத்தில் உணர்திறன் எண்ணை மட்டும் எழுதாமல், பொதியின் நீளம், 20 சதவீத இழப்பு வரம்பு, 8இல் கூறிய அட்டவணையின் மிக மோசமான கட்டம், 60 பாகை வெப்பநிலை, 9இல் கூறிய தடுப்புத் திறன் ஆகியவற்றையும், ஏற்றுக்கொள்ளப்படும் அளவைப் பிழையையும் எழுதிவிடுங்கள். அவற்றுக்கு உடன்படாத விற்பனையாளரின் −110ஐவிட, உடன்படுபவரின் −101ஐயே நான் தெரிவுசெய்வேன்.